இரண்டா, மூன்றா

கல்முனை மெயின் வீதியில்
செருப்புக் கடைக்கு மேல்மாடி.
ஏழரைக்கு டொக்டரின் வேன் போய்விடும்.
எனக்கு மிஞ்சுவது
அவர் கையெழுத்தில் முப்பத்தொரு துண்டு,
ஆறிப்போன பிளேன்ரீ.

பில்லில் மூன்று கட்டம்.
ஒன்று, எட்டிப் பார்த்தது.
இரண்டு, உற்றுப் பார்த்தது.
மூன்று, உள்ளே இறங்கிப் பார்த்தது.
அப்படி எங்கும் எழுதியில்லை.
கொழும்பிலிருந்து வந்த பதினாலு பக்கத்தில்
எனக்கு விளங்கிய ஒரே வரி:
எழுதாதது நடக்காதது.

சம்மாந்துறை ஆதம்பாவா
சூடடிக்கும் மெஷினில் தெறித்த உமியை
இமைக்குள் வைத்துக்கொண்டு
படியெல்லாம் கத்தியபடி ஏறினார்.
நாலு நிமிடம்.
டொக்டருக்கு ஒரு துஆ, எனக்கு ஒரு டொஃபி,
இறங்கிப் போய்விட்டார்.
பார்த்ததற்கு ஒன்று, எடுத்ததற்குத் தனி வரி.
சத்தத்துக்குக் கட்டமில்லை.

குணசிங்கம் சேருக்குப் பழைய சொட்டுமருந்துதான்,
துண்டு முடிந்துபோச்சாம், புதுத்துண்டு வேணுமாம்.
காப்புறுதிக்காரர்.
பென்சிலால் ஏற்கெனவே மூன்று போட்டு
என் பக்கம் தள்ளியிருக்கிறார் ரஸ்மி நானா.
“காப்புறுதிக்கு மூன்று, கைக்காசுக்கு இரண்டு.
பழகிப்போகும்.”

பாண்டிருப்பு நேசம்மா கைக்காசு.
வெள்ளெழுத்துத்தான், கண்ணாடி ஒன்று போதுமென்று
தானே தீர்ப்பெழுதிக்கொண்டு வந்தவ.
துண்டில் ஒன்றரை வரி:
அழுத்தம் முப்பத்தொன்று, இருபத்தொன்பது.
தகப்பன்...
அதற்குப்பிறகு பேனா இழுபட்டிருக்கிறது.

ஒன்றரை வரிக்கு என்ன நிலை?
உள்ளே முக்கால்மணி இருந்தா.
நேரத்தைக் கணக்கெடுக்காதே என்கிறது
பதினாலு பக்கம்.
வேறெதை எடுப்பது?

வாங்கில் இருக்கிறா.
மருந்து விட்ட கண்மணி இரண்டும் விரிந்து
டியூப்லைட்டுக்குக் கூசி
முந்தானையால் மறைத்துக்கொண்டு
பேர்ஸை அப்படியே நீட்டுகிறா:
“எவ்வளவுகா பிள்ள?
எனக்கு இப்ப ஒண்டும் தெரியல்ல,
நீயே பாத்து எடு.”

பாத்து எடு.

வேனுக்கு அடித்தேன். காரைதீவு தாண்டியிருந்தது.
சேர், நேசம்மாவுக்கு இரண்டா, மூன்றா?
“நான் என்ன செஞ்ச? பாத்த, அவ்வளவுதானே.”
எவ்வளவு பாத்தீங்க?
ஒரு லொறி கடந்துபோகும் நேரம்.
“தகப்பன் அம்பது வயசில
சுவரத் தடவித் தடவி நடந்தவராம்.
நரம்பப் பாத்த, திரும்பவும் பாத்த.
மட்டக்களப்புக்கு இண்டைக்கே அனுப்புறதா,
சொட்டுமருந்த நம்புறதா எண்டு தெரியல்ல.
பயந்துட்டன்.”

பயத்துக்கு எந்தக் கட்டம், சேர்?

மூன்று என்றார். காலையில் வந்து
மிச்சம் எழுதித் தருவாராம்.
மூன்றுக்கு எண்ணூறு ரூபாய் கூட.
இரண்டென்று போடவா, பாவம், என்றேன்.
“காசக் குறை. நிலையக் குறைக்காத.
இரண்டெண்டு போட்டா
அடுத்த டொக்டர் அதத்தான் வாசிப்பார்.
சும்மா வருத்தமெண்டு வைப்பார்.
என்ட பங்க வெட்டு.”

மூன்று எழுதினேன்.
கீழே கழிவு, அதற்கும் கீழே மொத்தம்.
பேர்ஸிலிருந்து எடுத்த தாள்களை
ஒவ்வொன்றாக அவ கையில் வைத்து
சத்தமாக எண்ணினேன்.
அவ எண்ணவில்லை.
மகன் மோட்டார்சைக்கிளோடு கீழே நிற்கிறானா என்று
படிக்கட்டைக் கேட்டுக்கொண்டிருந்தா.

இனிக் குணசிங்கம் சேர்.
ரஸ்மி நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.
அழிறப்பர் எடுத்தேன்.
அவர் அழுத்தி எழுதுகிறவர்.
மூன்று போன இடத்தில்
தாள் மெலிந்து பஞ்சாகிவிட்டது.
அதன்மேல் ஒன்று போட்டேன், மை ஊறியது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
இரண்டும் தெரிகிறது.

நாளைக்குக் கேட்பார்.